மலிவான நகல் செயின்சா: சைலன்சரில் கை வைப்பதற்கு முன்

சீமைக் கருவேலத்தை அழிப்பதற்காக 58 சிசி சீன செயின்சாவை இணையத்தில் வாங்கி, இரண்டாவது வாரத்திலேயே கயிறு இழுபடாத நிலையில் அதைச் சாக்கில் சுற்றிக்கொண்டு என் பட்டறைக்கு வருகிறவர்களைப் பார்க்கும்போது, தொடக்கத்தில் நான் செய்த தவறுகளே கண்முன் வந்து நிற்கின்றன. பெட்ரோலில் ஆயில் கலக்க மறப்பது, செயினைத் தலைகீழாக மாட்டுவது போன்றவற்றை ஒருமுறை செய்தவர் மறுமுறை செய்யமாட்டார் என்பதால், அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

ஒட்டியிருக்கும் சிசியை நம்புவது

ஒன்றில் 58 என்றும் மற்றொன்றில் 62 என்றும் ஒட்டியிருந்த இரண்டு இயந்திரங்களைக் கழற்றி அளந்தபோது, இரண்டிலுமே சிலிண்டரின் விட்டம் 45.2 மில்லிமீட்டராகவும் பிஸ்டனின் ஓட்டம் 32 மில்லிமீட்டராகவும் இருந்தன. கணக்குப் போட்டால் 51 சிசிதான் வருகிறது. எண்ணை விட்டுவிட்டு, பிஸ்டனும் கார்புரேட்டரும் கிளட்சும் பக்கத்து ஊர்க் கடையில் கிடைக்கும் மாதிரிதானா என்று பாருங்கள். வெளிநாடுகளில் ஸ்டில் என்ற ஜெர்மானிய நிறுவனத்தின் எம்எஸ் 660 மாதிரியின் நகலைத் தேடி வாங்குவதற்கும் அதன் 92 சிசி மட்டும் காரணமன்று. அசலின் உதிரிபாகங்கள் அதில் பொருந்துகின்றன. அசல் நிறுவனத்தின் பெயரையே ஒட்டி விற்பது நகல் அன்று, போலி, அதைத் தொடவேண்டாம்.

சைலன்சரைத் திறந்துவிட்டுக் கார்புரேட்டரை மறப்பது

இந்தத் தவறு எனக்கு இன்றும் எரிச்சலூட்டுகிறது. சைலன்சரில் துளையிடுவதைக் கற்றுத்தர நூறு பேர் இருக்க, அதன்பின் செய்தே ஆகவேண்டிய வேலையைச் சொல்ல ஒருவரும் இருப்பதில்லை.

என் முதல் இயந்திரத்தின் சைலன்சருக்குள் இருந்த தடுப்புத் தகட்டில் நானும் மூன்று துளைகள் போட்டேன். சத்தமும் வேகமும் கூடின. அன்று முழுவதும் எனக்குப் பெருமை பிடிபடவில்லை. மறுநாள் புளியமரத் தூர் ஒன்றைப் பாதி அறுத்திருந்தபோது, இயந்திரம் கீச்சென்று உச்சத்துக்குப் போய் அப்படியே நின்றது. சைலன்சரைக் கழற்றிப் பார்த்தால், புகை வெளியேறும் பக்கத்தில் பிஸ்டன் மேலிருந்து கீழ்வரை கீறிக் கிடந்தது. ரிங் தன் பள்ளத்துக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருந்தது. 6,500 ரூபாய் இயந்திரத்துக்குப் பிஸ்டன், சிலிண்டர், கூலி எல்லாம் சேர்த்து 2,400 ரூபாய் ஆயிற்று.

புகை தடையின்றி வெளியேறினால் உள்ளே வரும் காற்று கூடுகிறது. கார்புரேட்டரின் திருகைத் தொடாதவரை பெட்ரோல் அதற்கு ஈடாகக் கூடுவதில்லை. டூ ஸ்ட்ரோக் இயந்திரத்தில் ஆயிலே பெட்ரோலோடுதான் வருகிறது என்பதால், பெட்ரோல் குறையும்போது உராய்வைத் தடுப்பதும் சூட்டைத் தணிப்பதும் சேர்ந்தே குறைகின்றன. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் தன்னுள்ளேயே ஆக்சிஜனைக் கொண்டிருப்பதால், துளை போடுவதற்கு முன்பே கலவை சற்று வறண்டுதான், அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் குறைந்துதான் இருக்கிறது. பெட்ரோல் குறைந்த இயந்திரம் சாவதற்குச் சற்றுமுன் முன்னைவிட வேகமாகச் சுற்றும் என்பதுதான் இதிலுள்ள வஞ்சகம். "அண்ணே, இப்பத்தான் நல்லா சீறுது" என்று என்னிடம் மகிழ்ந்து சொன்ன இளைஞர், அடுத்த வாரமே தம் இரண்டாவது பிஸ்டனோடு வந்தார்.

ஆகவே ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்து, இயந்திரத்தைச் சூடாக்கியபின், கார்புரேட்டரில் ஹெச் என்று குறித்திருக்கும் திருகை இடப்புறமாகச் சிறிது சிறிதாகத் திருப்புங்கள், பெட்ரோல் கூடும். மரத்தில் வைக்காமல் சில நொடிகள் முழு வேகம் கொடுத்தால் சத்தம் சற்றுத் திக்கவேண்டும். மரத்தில் வைத்ததும் அந்தத் திக்கல் மறைந்து தெளியவேண்டும். மரத்தில் வைக்காதபோதே ஒரே சீராக வீறிட்டால் இன்னும் அரைக்கால் சுற்று இடப்புறம் தேவை.

விசையை விட்டபின்னும் வேகம் உடனே இறங்காவிட்டால், எங்கோ காற்று கசிகிறது என்று சந்தேகப்படவேண்டும். அந்தக் கசிவைத் திருகை வைத்துச் சரிசெய்ய முடியாது. கார்புரேட்டரை அகற்றி, பழைய சைக்கிள் டியூபை வெட்டி வெளிப்போக்கையும் உள்வாயையும் அடைத்து, அரை பார் அழுத்தத்துக்குக் காற்றடித்து, ரப்பர் குழாயின் இணைப்பிலும் கிராங்க் சீல்களிலும் சோப்பு நீரைத் தடவிப் பாருங்கள். பெட்டியைப் பிரித்த அன்றே நுரைத்த இயந்திரங்களை நான் பார்த்திருக்கிறேன்.

சிலிண்டரின் அடிப் பேக்கிங்கை எடுத்துவிடுவது

பிளக் துளை வழியாகச் சால்டர் கம்பியை ஓரம்வரை நுழைத்து, பிஸ்டனை மேலே கொண்டுவந்து நசுக்கி அளக்காமல், அழுத்தத்தைக் கூட்டுவதற்கான இந்த வேலையைச் செய்யாதீர்கள். பேக்கிங்கை எடுத்தபின் பிஸ்டனுக்கும் சிலிண்டரின் மேற்புறத்துக்கும் இடையே அரை மில்லிமீட்டராவது இடைவெளி மிஞ்சவேண்டும். சிலிண்டரைத் திறந்ததுதான் திறந்தீர்கள், பிஸ்டன் பின்னின் இரு பூட்டு வளையங்களையும் நல்லவையாக மாற்றுங்கள். நகல்களில் அவை கழன்று சிலிண்டரைக் கிழிப்பதுண்டு. சிலிண்டர் சுவரிலுள்ள துவாரங்களின் கூரான விளிம்புகளை மெல்ல மழுக்கினால் ரிங் மாட்டிக்கொள்ளாது.

22 அங்குல பார் (செயின் ஓடும் நீளத் தகடு)

இந்த இயந்திரத்துக்கு 18 போதும்.

செயின் பிரேக்கைக் கழற்றுவது

கழற்றாதீர்கள்.

கூட வரும் செயின்

அதன் உலோகம் மென்மையானது என்பதால் கருவேல வைரத்தில் அரை மணி நேரம்கூட முனை நிற்காது. நல்ல செயின் வாங்கும்போது, பிட்ச் (கண்ணிகளின் இடைவெளி அளவு) 0.325 அங்குலம் என்றால் 4.8 மில்லிமீட்டர் உருண்டை அரம் ஒன்றையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.