கொரோனா காலத்தில் மாட்டுப்பண்ணை: ஆட்களைப் பாதுகாத்து, கறவை தவறாமல் நடத்தும் முறை

பால்மாட்டுக்கு ஊரடங்கு தெரியாது. ஒருநேரம் கறக்காமல் விட்டால் மடி கட்டும். பிறகு மடியழற்சி, ஊசி, ஊசி போட்ட நாட்களில் கீழே ஊற்றும் பால் என்று செலவு வரிசையாக வரும். 2020 மார்ச் 20 மாலை இலங்கை முழுவதும் ஊரடங்கு போட்டபோதும், 2021 மே மாதம் பயணக் கட்டுப்பாடு வந்தபோதும் யாழ்ப்பாணத்து நீர்வேலியில் எங்கள் கொட்டிலில் வேலை நிற்கவில்லை. எப்படிச் சமாளித்தோம் என்று பலர் கேட்டதால் எழுதுகிறேன். கறப்பது, தீனி கலப்பது, கன்று பார்ப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். ஐந்து முதல் இருபது மாடும், கூலிக்கு வரும் இரண்டு மூன்று பேரும் உள்ள பண்ணைக்கு இது பொருந்தும்.

தொடங்குமுன் ஒன்று. மாட்டிடமிருந்து தொற்றுமோ என்ற பயத்தை விடுங்கள். நாலு பக்கமும் திறந்த கொட்டிலுக்குள் தனியாக நின்று சாணம் அள்ளுபவருக்கும் ஆபத்து குறைவு. எல்லோரும் கூடியிருந்து தேத்தண்ணி குடிக்கும்போது, ஒரே மோட்டார் சைக்கிளில் இருவர் வரும்போது, பால் கான் கைமாறும்போது, காய்ச்சலை மறைத்துக்கொண்டு ஒருவர் வேலைக்கு வரும்போதுதான் தொற்றுகிறது. கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த நாலையும் குறிவைத்தவை.

படி 1: முதலில் சம்பளத்தைப் பேசுங்கள்

முகக்கவசம் வாங்க முன்னமே இதைச் செய்யுங்கள். நாள் கூலிக்கு வருபவர் காய்ச்சலைச் சொன்னால் அந்தக் காலத்தில் 14 நாள் வீட்டில் இருக்கவேண்டியிருந்தது. அந்த 14 நாளும் அடுப்பு எரியவேண்டுமே, பிறகு எப்படிச் சொல்வார்? பனடோல் இரண்டைப் போட்டுக்கொண்டு வருவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

ஆகவே எல்லோரையும் வைத்துக்கொண்டு, முற்றத்தில் இடைவெளி விட்டு நிறுத்தி, "காய்ச்சல், தடிமன், இருமல், மணம் தெரியாமல் போவது, எதுவென்றாலும் வரவேண்டாம், ஒரு அழைப்பு போதும், கூலி வரும்" என்று சொல்லுங்கள். வீட்டில் வேறு யாருக்கும் சுகமில்லையென்றாலும் அதுதான் கதை. சொல்வதோடு நிறுத்தாமல் பால் காசு வரும்போதே ஒரு ஆளுக்கான 14 நாள் கூலியை எடுத்து வேறாக வையுங்கள். முதல் ஆள் வீட்டில் நின்று, அவருக்குக் காசு போனதை மற்றவர்கள் கண்ட பிறகுதான் உங்கள் சொல்லை நம்புவார்கள்.

நெற்றிக்கு நேரே பிடிக்கும் வெப்பமானிக்கு நான் ஆதரவில்லை. வெய்யிலில் சைக்கிள் மிதித்து வந்தவருக்குக் கூடக் காட்டும், பனடோல் போட்டவருக்குச் சரியாகக் காட்டும். அந்தக் காசைக் கூலிப் பணத்தோடு சேர்த்து வையுங்கள்.

படி 2: கறப்பவர்களை இரண்டாகப் பிரியுங்கள்

காலைக்கு ஒரு குழு, மாலைக்கு ஒரு குழு. ஒரு குழு போய் அரை மணி கழித்து மற்றக் குழு வரட்டும். இரண்டும் ஒன்றையொன்று காணக்கூடாது. ஒரு குழுவுக்குத் தொற்று வந்தால் மற்றக் குழு இரண்டு நேரமும் கறக்கும். ஆள் பற்றாவிட்டால் வீட்டாரைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவருக்காவது கறக்கத் தெரிந்திருக்கவேண்டும், அதில் விட்டுக்கொடுப்பு இல்லை.

தாளில் பிரிப்பது சுகம். மாடு சம்மதிக்கவேண்டுமே! எங்களிடம் நிற்பவை ஜேர்சிக் கலப்பு. அதில் ஒன்று அறியாத கை பட்டால் பாலை மேலே இழுத்துக்கொள்ளும். மடியைக் கழுவும்போதும் கன்று முட்டும்போதும் சுரக்கும் ஒக்சிடோசின் என்ற ஹோர்மோன்தான் பாலை இறக்குகிறது, அதன் வேகம் சில நிமிடங்கள்தான். மாடு மிரண்டால் அட்ரினலின் அதைத் தடுத்துவிடும். அதனால் புது ஆளை நேரே கறக்க இருத்தாதீர்கள். முதல் சில நாட்கள் தீனி வைக்கட்டும். பிறகு மடி கழுவட்டும். அதன் பிறகு கடைசிப் பாலை மட்டும் எடுக்கட்டும். எவருக்கும் சுகமில்லாமல் போக முன்னரே இந்தப் பழக்கத்தை முடித்துவிடவேண்டும். பழைய ஆளைத் தனிமைப்படுத்திய அன்று ஆரம்பித்தால் காலம் கடந்துவிட்டது.

இதோடு ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு மட்டை எழுதித் தூணில் கட்டுங்கள். எந்தக் காம்பு கடினம், எந்தக் காலால் உதைக்கும், கன்றை முதலில் விடவேண்டுமா, எவ்வளவு தீனி, எப்போது சினைப்படுத்தியது, இப்போது மருந்து போகிறதா. நன்றாகக் கறப்பவரின் தலைக்குள் இருப்பதெல்லாம் அந்த மட்டைக்கு வரவேண்டும். மழைக்குக் கரையாமல் சொப்பிங் பையால் சுற்றுங்கள்.

படி 3: படலையில் பால் கைமாறும் முறை

பால் எடுப்பவர் ஒரு நாளில் எத்தனையோ வளவுக்குப் போய்வருகிறார். அவரை உள்ளே கூப்பிடாதீர்கள். படலைக்கு வெளியே, நிழலில், ஒரு மேசையோ சீமெந்துக் கட்டோ போதும். நீங்கள் கானை வைத்துவிட்டு விலகுங்கள், அவர் வந்து எடுக்கட்டும். வெற்றுக் கான் திரும்பி வந்ததும் வெளிப்புறத்தையும் பிடியையும் சவர்க்காரத்தால் கழுவிய பிறகே உள்ளே எடுங்கள்.

பலர் மறப்பது பேனையை. பால் கொப்பியும் அதில் கட்டித் தொங்கும் பேனையும் ஊர் முழுவதும் கைமாறுகிற சாமான். நாங்கள் அளவையும், பாலின் அடர்த்தி பார்க்கும் பால்மானியின் வாசிப்பையும் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புகிறோம், கொப்பியை அவர் தன் பேனையால் எழுதுகிறார். தகராறு வந்தால் படம் கையில் இருக்கும்.

முகக்கவசம் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாட்டின் விலாவில் தலையை முட்டுக்கொடுத்துக் கறப்பவருக்கு வியர்வையிலும் பால் தெறிப்பிலும் கவசம் நனைந்துவிடும், நனைந்த கவசத்தால் மூச்சு விடமுடியாது. தனியே நிற்கும்போது கழற்றட்டும். கான் தூக்க, கன்று பிடிக்க, ஊசி போட மாட்டைக் கட்ட என்று இருவர் நெருங்கும் வேலைகளில் கட்டாயம் போடவேண்டும். மூன்று அடுக்குத் துணிக் கவசம் ஆளுக்கு மூன்று தைத்துக் கொடுத்தால் துவைத்துத் துவைத்துப் பாவிக்கலாம்.

படி 4: தேத்தண்ணி

எங்களை நிறுத்திவைத்த இடம் இதுதான். ஆளுக்கொரு பேணி, அவரவர் பேணியை அவரவரே கழுவி வைப்பது. கேட்க எளிது. ஆனால் இது யாழ்ப்பாணம். கூலிக்கு வருபவருக்கு வேறு பேணி வைப்பது இங்கே சுகாதாரச் செய்தியாக மட்டும் போய்ச்சேராது. சாதி பார்த்துச் சிரட்டையிலும் போத்தலிலும் தேத்தண்ணி கொடுத்த காலத்தைக் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1960களில் தேநீர்க்கடைக்குள் சமமாக இருந்து குடிப்பதற்கே போராட்டம் நடந்த ஊர் இது.

வேலை செய்பவர்களுக்கென்று புதுப் பேணிகள் வந்த அன்று, எங்களோடு நீண்ட காலம் நிற்கும் அண்ணை தேத்தண்ணி வேண்டாம் என்றார். அடுத்த நாளும் வேண்டாம் என்றார். பிறகுதான், "ஏன் பிள்ளை, உங்கட பேணி எங்க?" என்று கேட்டார். கேள்வி சரியானது. வீட்டார் பேணிகள் குசினிக்குள், அவர்களுடையவை கொட்டில் சுவரில். கொரோனா இல்லாவிட்டால் அந்தக் காட்சிக்கு வேறு பெயர்.

செய்யவேண்டியது இதுதான். ஒரே கடையில், ஒரே மாதிரி, ஒரே விலையில் எவர்சில்வர் பேணிகள் வாங்குங்கள். வீட்டாருக்கும் சேர்த்து. அடியில் ஒவ்வொருவர் பெயரின் முதல் எழுத்தையும் ஆணியால் கீறுங்கள். எல்லாப் பேணியும் கிணற்றடியில் ஒரே தட்டில் இருக்கவேண்டும். உங்கள் பேணியை நீங்களே கழுவுங்கள், அவர்கள் காணக் கழுவுங்கள். தேத்தண்ணியை ஒரு கேத்தலில் வைத்துவிட்டு, ஒருவர் மட்டும் எல்லோருக்கும் வார்க்கட்டும். வார்ப்பது முறை வைத்து மாறட்டும், உங்கள் முறையும் வரட்டும். இருப்பது மரநிழலில், ஆளுக்கு இரண்டு மீற்றர் தள்ளி. வாங்கை எடுத்துவிட்டுத் தனிக் கதிரைகள் போட்டால் இடைவெளி தானாக வரும்.

மூக்குப்பேணி இருக்கிறதே, அண்ணாந்து ஊற்றிக் குடித்தால் வாய் படாதே என்று அம்மா கேட்டார். வாய் படாது, கை படுமே. தண்ணீருக்கும் ஆளுக்கொரு போத்தல்தான்.

வெற்றிலைத் தட்டம் பற்றித் தனியாக எழுத ஒன்றுமில்லை. எடுத்து உள்ளே வையுங்கள்.

படி 5: கழுவுதல்

கைக்கு சன்லைட் சவர்க்காரமும் தண்ணீரும். சானிடைசரைக் கொட்டிலுக்குள் கொண்டுவராதீர்கள். சாணமும் பாலும் பட்ட கையில் அது வேலை செய்யாது, வீண் காசு. கிணற்றடியில் ஒன்று, படலையில் ஒன்று என்று குழாய் பூட்டிய பரல் இரண்டு வைத்தால் போதும்.

பிடிகள், படலைக் கொழுக்கி, மேசை, சாமான்களுக்குக் குளோரின் தண்ணீர். வேண்டியது 0.1 சதவீதக் கரைசல். 5 சதவீதத் திரவமாக வாங்கினால் 10 லீற்றர் வாளிக்கு 200 மில்லிலீற்றர். 35 சதவீதத் தூளாக வாங்கினால் 10 லீற்றருக்கு 30 கிராம் அளவு. குத்துமதிப்பாகப் போடவேண்டாம், குசினித் தராசில் நிறுங்கள். அன்றன்று கரையுங்கள், வெய்யிலில் வைத்தால் வலு போய்விடும். பூசிப் பத்து நிமிடம் விட்டுப் பிறகு நல்ல தண்ணீரால் கழுவினால் இரும்பு துருப்பிடிப்பதும் குறையும். சாணத்தின் மேல் ஊற்றினால் சாணமே குளோரினைத் தின்றுவிடும், ஆகவே முதலில் கூட்டிக் கழுவவேண்டும்.

படி 6: பால் எடுக்க வராத நாளுக்கு

பால் எடுக்கும் வாகனம் வராமல்போகும் நாள் வரும் என்று நினைத்தே ஆயத்தமாகுங்கள். காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு உறை போட்டுத் தயிராக்கினால் ஒழுங்கைக்குள்ளேயே விற்றுவிடும். நெய் நன்றாக நிற்கும், ஆனால் 10 லீற்றர் பாலுக்கு அரைக் கிலோவுக்கும் குறைவாகத்தான் கிடைக்கும், விறகுச் செலவையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

நாலைந்து நாளுக்கு மேல் இழுத்தால் கன்று போட இரண்டு மாதமளவு இருக்கும் மாடுகளைப் பால் வற்றவிடுங்கள். முதலில் புண்ணாக்கையும் தவிட்டையும் குறைத்து, பிறகு கறவையை நிறுத்தவேண்டும். மற்ற மாடுகளில் கறவையைத் தவறவிடவே வேண்டாம்.

தீனிக்கு இரண்டு கிழமைப் புண்ணாக்கு கையிருப்பில் இருக்கட்டும். வைக்கோல் முடிந்தால் பனையோலையைக் கிழித்துப் போடுங்கள், பூவரசங் குழை, கிளிரிசிடியாக் குழை இருக்கவே இருக்கிறது. எங்கள் பக்கம் குலை வெட்டிய வாழைத்தண்டு தாராளம். அது பெரும்பாலும் தண்ணீர்தான், வயிறு நிறையும், பால் ஏறாது. வைக்கோலோடு கலந்து போடுங்கள்.

பிற்சேர்க்கை, செப்டெம்பர் 2021

திரும்பவும் ஊரடங்கு. பின்னூட்டங்களில் வந்த சிக்கல்களை இங்கே சேர்க்கிறேன்.

குளோரின் ஊற்றியதும் கண் எரிகிறது, மூச்சு முட்டுகிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். மாட்டு மூத்திரம் தேங்கிய தரையில் ஊற்றியிருப்பீர்கள். மூத்திரத்தின் அமோனியாவும் குளோரினும் சேர்ந்தால் நச்சுப் புகை வரும். தரையைத் தண்ணீரால் நன்றாக அடித்துக் கழுவி, வடிந்த பிறகே ஊற்றுங்கள், மாட்டையும் வெளியே கட்டுங்கள். பால் சாமானில் படியும் கல்லை எடுக்கும் அமிலத்தோடும், கழிவறைத் திரவத்தோடும் கலக்கவே கூடாது.

படலையில் பால்மானி வாசிப்புக் குறைவாக வருகிறது, தண்ணீர் கலந்ததாகச் சொல்கிறார்கள் என்று ஒருவர். கறந்த சூட்டோடு பார்த்தால் அப்படித்தான் காட்டும். நுரை அடங்கி, பால்மானியில் குறித்திருக்கும் வெப்பநிலைக்குப் பால் ஆறிய பிறகு பார்த்து, படத்தை அனுப்புங்கள்.

பண்ணையிலேயே தங்கி வேலை செய்பவருக்குத் தொற்று வந்தால் என்ன செய்வது என்று கிளிநொச்சியிலிருந்து ஒரு கேள்வி. உடனே உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குச் சொல்லுங்கள், முடிவு அவர்கள் கையில். அதுவரை யன்னல் உள்ள தனி அறை, தனிக் கழிவறை, வாசலில் சாப்பாடு. மூச்சு எடுக்கக் கஷ்டப்பட்டால் யோசித்துக்கொண்டு நிற்காமல் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். தங்கும் அறைகளில் கட்டில்களை இப்போதே தள்ளிப் போட்டு, ஒரு அறையைக் காலியாக வைத்திருப்பது நல்லது.

கடைசியாகத் தடுப்பூசி. இரண்டு குழுவையும் ஒரே நாளில் கூட்டிப்போகாதீர்கள். ஊசி போட்ட மறுநாள் சிலருக்குக் காய்ச்சலும் கை நோவும் இருக்கும், அந்தக் கையால் கறக்கமுடியாது. காலைக் குழு போட்டு நாலைந்து நாள் கழித்து மாலைக் குழு போகட்டும். மறுநாள் லீவுக்கும் கூலி உண்டு என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அட்டையில் இரண்டாவது ஊசிக்கான திகதியைப் பார்த்து, அதையும் கொட்டிலில் மாட்டின் மட்டைக்குப் பக்கத்தில் எழுதித் தொங்கவிடுங்கள்.