துடிப்பான நாய்க்குக் கடற்கரைப் பயிற்சி: இராமநாதபுரத்து மணலுக்கும் புழுக்கத்துக்கும் ஏற்ற முறை

துடிப்பான நாயை வளர்ப்பவர்கள் பெரும்பாலும் சொல்லும் குறை ஒன்றுதான்: காலையில் ஒரு மணி நேரம் ஓடவிட்டாலும், வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கடிக்கிறது, வாசலில் போகும் ஆட்டைப் பார்த்துச் சங்கிலியை இழுக்கிறது. ஓட்டம் போதவில்லை என்று எண்ணி, மறுவாரம் அதை ஒன்றரை மணி நேரமாக்குகிறார்கள். ஓட ஓட நாயின் மூச்சும் தசையும் வலுப்பட்டு, அதை அயரவைக்கத் தேவைப்படும் தூரமும் கூடிக்கொண்டே போகிறது என்பதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. தொண்டி முதல் மூக்கையூர் வரையிலான கடற்கரையில் இந்த வழி ஆபத்தாகவும் முடியலாம். இங்கே வெயிலும் புழுக்கமும் நாய்க்கு விட்டுவைக்கும் நேரம் குறைவு. அந்தக் குறைந்த நேரத்தைச் சீரான மெல்லோட்டம், உடலை உறுதிப்படுத்தும் பயிற்சி, மோப்ப வேலை ஆகிய மூன்றுக்கும் பங்கிட்டுக் கொடுத்தால், நாய் உடலும் தேறும், வீட்டிலும் அமைதியாக இருக்கும்.

தொடங்குமுன் வயதைப் பார்க்க வேண்டும். குட்டிகளின் எலும்பு முனைகளில் உள்ள வளர்ச்சித் தட்டுகள் மூடுவதற்கு ஏறத்தாழ 12 முதல் 18 மாதங்கள் ஆகும். பெரிய உடல்வாகு கொண்ட இனங்களுக்கு இன்னும் தாமதமாகலாம். அதுவரை நெடுந்தூர ஓட்டம், உயரத்திலிருந்து குதித்தல், சடாரெனத் திரும்பும் விளையாட்டு ஆகியவற்றைத் தவிர்த்து, குட்டி தன் விருப்பப்படி ஓடிக் களைத்து உட்காரும் அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். வளர்ந்த நாயாக இருந்தாலும் இதயம், மூட்டு, உடல் எடை ஆகியவற்றைக் கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. உண்ணிக் காய்ச்சல் உள்ளே இருக்கும் நாய் சோம்பலாகத் தெரியும். அதைப் பயிற்சியால் சரிசெய்ய முடியாது.

நேரத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் இந்தப் பகுதியில் முதல் வேலை. நாய்க்கு நம்மைப் போல உடல் முழுதும் வியர்ப்பதில்லை. பாதங்களில் சிறிதளவு வியர்ப்பதைத் தவிர, நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்து, வாயின் ஈரத்தை ஆவியாக்கித்தான் அது தன்னைக் குளிர்வித்துக்கொள்ள வேண்டும். கடலோரக் காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் அந்த ஆவியாதல் மந்தப்படுகிறது. எனவே வெயில் உறைக்காத நாளிலும், காற்று அசையாமல் புழுங்கினால், நாய்க்கு அது கடினமான நாள்தான். சித்திரை, வைகாசி மாதங்களில் விடியற்காலை ஐந்தரை மணிக்குத் தொடங்கி ஏழு மணிக்குள் வீடு திரும்பிவிட வேண்டும். மாலையில் பொழுது சாய்ந்த பின்னும் தார்ச்சாலையும் உலர் மணலும் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். புறங்கையைத் தரையில் ஏழு விநாடி அழுத்தி வைத்துப் பார்த்து, பொறுக்க முடியவில்லை என்றால் அன்றைய மாலை நடையை விட்டுவிடலாம். தனுஷ்கோடியிலிருந்து அரிச்சல்முனை வரை நீளும் சாலை படம் எடுக்க அழகானது. நிழலே இல்லாத அந்தத் தாரில் பகலில் நாயை நடத்துவது கூடாது. வெண்ணிற ராஜபாளையம் நாயின் இளஞ்சிவப்பு மூக்கும் மெல்லிய ரோமம் கொண்ட காது விளிம்பும் வெயிலில் எளிதில் புண்ணாகிவிடும் என்பதால், அதற்கு இந்தக் கட்டுப்பாடு இன்னும் கூடுதலாக வேண்டும்.

அடுத்தது தரை. காய்ந்த பூமணலில் கால் புதைவதால் தசைக்கும் தசைநாணுக்கும் பளு கூடும். பழகாத நாயை முதல் நாளே அதில் ஓடவிட்டால் தோளும் தொடையும் பிடித்துக்கொள்ளும். அலை நனைத்து இறுகிய ஈரமணலே தொடக்கத்துக்கு ஏற்றது. இங்கே கடல் ஏறி வற்றும் அளவு குறைவு என்பதால் அந்த ஈரப்பட்டை பல நாட்களில் ஒடுங்கியே இருக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் வற்றும் நேரத்தில் சற்று அகலமாகக் கிடைக்கும். எந்தக் கரை என்பதைக் காற்றைப் பார்த்து முடிவு செய்யலாம். ஆனி, ஆடியில் கச்சான் எனும் தென்மேற்குக் காற்று அடிக்கும்போது தென்கடலான மன்னார் வளைகுடா கொந்தளித்து, பறக்கும் மணல் நாயின் கண்ணில் விழும். அப்போது அரியமான் போன்ற வடகடல் (பாக் நீரிணை) கரைகள் அமைதியாக இருக்கும். வாடை எனும் வடகிழக்குக் காற்று தொடங்கிய பின் நிலைமை தலைகீழாகும்.

கரையில் கண்ணை எப்போதும் தரையில் வைத்திருக்க வேண்டும். மேட்டு மணலில் வளரும் இராவணன் மீசைப் புல்லின் ஊசிமுனை இலைகள் விரலிடுக்கில் குத்தும். அதன் உருண்டையான கதிர் காற்றில் உருண்டோடுவதைப் பார்த்ததும் வேட்டை நாய் இனங்களான சிப்பிப்பாறையும் கன்னியும் துரத்தப் பாயும். கரைக்கு வரும் வழியெங்கும் சீமைக்கருவேல முள். வலைத் துண்டுகளும் தூண்டில் முள்ளும் ஒதுங்கிக் கிடக்கும். எல்லாவற்றிலும் கொடியது கரையில் எறியப்பட்ட, உடலை ஊதிப் பெருக்கும் பேத்தை மீன். அதன் நஞ்சு நாயைக் கொல்லக்கூடியது, முறிமருந்தும் கிடையாது. ஆகவே “விடு” என்று சொன்னவுடன் வாயிலிருப்பதைக் கீழே போடும் பழக்கம், எந்த ஓட்டத்துக்கும் முன்னால் வீட்டு முற்றத்திலேயே பழக்கப்பட வேண்டும். மீன் இறக்கும் இடங்களில் அந்தக் கரையின் நாய்கள் கூட்டமாகக் காவல் இருக்கும். அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே இரு தரப்புக்கும் நல்லது. தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறும் கரைகளிலும், பூநாரைகள் இறங்கும் தனுஷ்கோடிப் பக்கத்து ஆழமற்ற நீர்நிலைகளிலும் நாயைக் கயிற்றிலிருந்து அவிழ்க்கவே கூடாது.

பயிற்சியின் அடித்தளம் மெல்லோட்டம். முன்னங்கால் ஒன்றும் எதிர்ப்பக்கத்துப் பின்னங்கால் ஒன்றும் சேர்ந்து விழும் இந்தச் சீரான நடையில் இரு பக்கத்துத் தசைகளும் சமமாக உழைக்கின்றன. பாய்ச்சலில் அப்படி இல்லை. முதல் இரண்டு வாரங்களில் ஐந்து நிமிட நடைக்குப் பின், இரண்டு நிமிட மெல்லோட்டமும் மூன்று நிமிட நடையும் மாறி மாறி மூன்று முறை, கடைசியில் மீண்டும் ஐந்து நிமிட நடை என்று கொடுத்தால் போதும். அதன்பின் வாரத்துக்கு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு வீதம் கூட்டிக்கொண்டே போகலாம். மூன்று, நான்கு மாதங்களில் மொத்தம் முக்கால் மணி நேரமும், அதில் இருபது நிமிட மெல்லோட்டமும் என்ற நிலையை எட்டினால், வீட்டில் வளரும் நாய்க்கு அது தாராளம். வாரத்தில் இரண்டு நாள் முழு ஓய்வு வேண்டும். கழுத்தைச் சுருக்காத மார்புப்பட்டையும் இரண்டு மீட்டர் கயிறும் இதற்கு ஏற்றவை. இருசக்கர வண்டியில் கயிற்றைப் பிடித்தபடி நாயை ஓட்டிச் செல்லும் வழக்கத்தை மட்டும் அடியோடு விட்டுவிட வேண்டும். வண்டியின் வேகத்தை நாய் தேர்ந்தெடுப்பதில்லை, களைத்தாலும் நிற்க அதற்கு வழியில்லை.

உடலை உறுதிப்படுத்த இந்த ஊரில் கைக்கெட்டும் கருவி பனைமட்டை. ஓலையை நறுக்கிவிட்டு, இரு விளிம்பிலும் அரம் போல நிற்கும் கருக்கை அரிவாளால் சுத்தமாகச் சீவி எடுத்து, விரலால் தடவிப் பார்த்த பிறகே பயன்படுத்த வேண்டும். அப்படிச் சீவிய ஐந்தாறு மட்டைகளை, நாயின் தோள் உயரம் எவ்வளவோ அவ்வளவு இடைவெளியில் வரிசையாகத் தரையில் பரப்பி, அவற்றின் மேல் நாயை மெல்லோட்டத்தில் அழைத்துச் செல்லலாம். முதலில் மட்டையைத் தட்டிக்கொண்டுதான் போகும். சில நாட்களில் தலையைத் தாழ்த்தி, ஒவ்வொரு பாதத்தையும் மடக்கித் தூக்கி, இடைவெளியின் நடுவில் ஊன்றத் தொடங்கும். அப்போது வயிற்றுத் தசையும் பின்னங்காலும் சேர்ந்து வேலை செய்வதைக் கண்ணால் பார்க்கலாம். மட்டைகள் கணுக்கால் உயரத்துக்கு மேல் போகக் கூடாது. இது தாண்டும் பயிற்சி அல்ல. இதனுடன் உட்கார்ந்து எழுந்திருத்தல், பின்னோக்கி நடத்தல், தாழ்வான திண்ணையில் முன்னங்கால்களை வைத்து நிற்றல் ஆகியவற்றை வாரத்தில் மூன்று நாள், பத்து நிமிடத்துக்குள் முடித்துவிடலாம்.

பாய்ச்சலுக்குப் பிறந்த கன்னிக்கும் சிப்பிப்பாறைக்கும் மெல்லோட்டம் மட்டும் போதாது என்பது உண்மைதான். அவற்றுக்கு வாரத்தில் இருமுறை, உடல் சூடான பிறகு, வேலியிட்ட இடத்தில் ஐம்பது மீட்டர் அளவுக்கு நான்கைந்து பாய்ச்சல்கள் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் இடையில் மூச்சு தணியும்வரை நடக்கவிட வேண்டும். பந்தை ஓயாமல் எறிவது இதற்கு மாற்றாகாது. சறுக்கி நின்று திரும்பும் ஒவ்வொரு முறையும் மூட்டு அடி வாங்குகிறது, ஈரப் பந்தில் ஒட்டிய மணல் வயிற்றுக்குள் போய்க் குடலை அடைக்கவும் கூடும்.

கடலில் இறக்குவதானால், அலையில்லாத ஆழமற்ற வடகடலில், மிதவைச் சட்டையுடன், ஐந்து நிமிடத்துக்கு மேற்படாமல் தொடங்கலாம். மண்டபம் பக்கத்தில் பாசி வளர்க்கும் மூங்கில் தெப்பங்களின் கயிறுகள் நீருக்கடியில் ஓடும். சொறிமீன் (ஜெல்லி மீன்) தென்படும் நாட்களும் உண்டு. கடல்நீரைக் குடித்தால் வாந்தியும் கழிச்சலும் வரும் என்பதால் நல்ல தண்ணீரைக் கையோடு கொண்டுபோய், அடிக்கடி சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும். வீடு திரும்பியதும் உப்பை அலசி, காதையும் விரலிடுக்கையும் துடைத்து உலர்த்துவது அவசியம். பயிற்சிக்கு முன் இரண்டு மணி நேரமும் பின் ஒரு மணி நேரமும் வயிறு நிறைய உணவு வேண்டாம். ஆழமான மார்புள்ள இனங்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு.

மோப்ப வேலை நடு மதியத்திலும் நிழலில் செய்யத் தக்கது. நான்கைந்து கொட்டாங்குச்சிகளைக் கவிழ்த்து, ஒன்றின் அடியில் முள் நீக்கிய அவித்த மீன் துண்டை வைத்துத் தேடச் சொல்லலாம். பிறகு அதையே முற்றத்திலும் சவுக்குத் தோப்பிலும் ஒளித்துவைக்கலாம். கருவாடு வேண்டாம், அதில் உப்பு அதிகம். கால் மணி நேரம் மூக்கைக் கொண்டு உழைத்த நாய் தானாகப் போய்ப் படுத்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரைக்குப் போக முடியாத நாட்களுக்கும் இதுவும் பனைமட்டையும் கைகொடுக்கும்.

நாக்கு அகன்று கருஞ்சிவப்பாகி, எச்சில் பசையாக வழிந்து, நடை தள்ளாடினால் அது வெப்பத் தாக்கு. நாயின் இயல்பான உடல் வெப்பம் ஏறத்தாழ 38.3 முதல் 39.2 செல்சியஸ், 41-ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் பழுதடையத் தொடங்கும். உடனே நிழலுக்குக் கொண்டுபோய், கிடைக்கும் நீரை, அது கடல்நீரானாலும், உடல் முழுதும் ஊற்றி விசிறிக்கொண்டே இருக்க வேண்டும்; ஈரத் துணியால் போர்த்தி மூடக் கூடாது, வாயில் நீரைப் புகட்டவும் கூடாது. முதலில் குளிர்வித்தல், பிறகு மருத்துவமனை என்பதே சரியான வரிசை.

நிழலில் படுத்த பின்னும் கால் மணி நேரத்துக்கு மேல் இரைப்பு அடங்காவிட்டால், மறுமுறை அளவைக் குறைக்க வேண்டும். மறுநாள் காலையில் எழும்போது கால் விறைத்தாலோ நொண்டினாலோ, விரலிடுக்கில் முள்ளைத் தேடிப் பார்த்து, ஒன்றும் இல்லை என்றால் பயிற்சியை நிறுத்தி மருத்துவரிடம் காட்ட வேண்டும். வீட்டிலிருக்கும் பாராசிட்டமால், இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளை நாய்க்குக் கொடுக்கவே கூடாது. மனிதருக்கு ஏற்ற அளவே அதன் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும்.