ஜிலேபி மீனை யூடியூபில் எண்ணுவதற்கு முன்

காவிரி டெல்டாவில் மதகடித் தூண்டில், வீச்சுவலை, குளம் இறைப்பு என்று எதற்கும் ஒரு வீடியோ இருக்கிறது. அதில் அடிக்கடி தலைகாட்டுபவை அந்நிய மீன்கள்: 1952-இல் இந்தியாவுக்குள் வந்த ஜிலேபி, ஆப்பிரிக்கக் கெளுத்தி, மீன்தொட்டியிலிருந்து வெளியேறிய டேங்க் கிளீனர். ஆற்றில் இறங்காமலே இவற்றின் நடத்தையைப் படிக்கலாமே என்று தோன்றும். படிக்கலாம், நல்ல வழிதான். ஆனால் வீடியோவில் முதலில் பதிவாவது எடுத்தவரின் பழக்கம், மீனுடையது அதற்குப் பிறகுதான். இதை மறந்தால் வரிசையாகச் சறுக்கும்.

முதல் சறுக்கல் பெயரிலேயே. எந்தச் சொல்லை எப்போது அதிகம் தேடுகிறார்கள் என்று காட்டும் கூகுள் டிரெண்ட்ஸில் ‘ஜிலேபி’ என்று போட்டுவிட்டு, தீபாவளிக்கு முன்னால் கோடு ஏறுவதைப் பார்த்து மீன் பெருகிவிட்டது என்று எழுதினால் இனிப்புக் கடைக்காரர் சிரிப்பார். அது காட்டும் 0 முதல் 100 வரையான அளவும் தேடியவர்களின் எண்ணிக்கை அல்ல. உச்சத்தை 100 என்று வைத்துக்கொண்டு மற்றதை அதோடு ஒப்பிடும் கணக்கு. ‘கெளுத்தி’ என்று தேடினால் நம்மூர்ச் சின்னக் கெளுத்தியும் சேர்ந்து வரும். தலைப்பை நம்பாமல் மீனைப் பாருங்கள்.

அதைவிடப் பெரிய குழி தேதி. யூடியூப் காட்டுவது ஏற்றிய நாளை, எடுத்த நாளை அல்ல. வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த படத்திலோ எடுத்த நேரம், இடம் எல்லாம் உதிர்ந்திருக்கும். அப்போது பின்னணிதான் துணை: வயலில் நாற்றா, கதிரா, அறுத்த தாளா? மதகில் தண்ணீர் எந்த மட்டம்? டெல்டாக்காரருக்கு இது போதும், மாதத்தைச் சொல்லிவிடுவார். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுகிறார்கள். மூடிய பிறகு வாய்க்கால் வற்றி, மீன்கள் குட்டையில் ஒடுங்கும். பிடிப்பது சுலபம், வீடியோவும் கூடும். மீன் கூடிவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. தண்ணீர்தான் குறைந்திருக்கிறது.

ஜிலேபியில் ஆண் அடிமண்ணில் வட்டக் குழி தோண்டிக் காவல் நிற்கும். பெண் முட்டைகளை வாய்க்குள் வைத்துப் பொரிக்கும். அந்தக் குழி தெளிந்த குளத்தில்தான் கேமராவுக்குத் தெரியும். புதுத் தண்ணீர் செக்கச்செவேலென்று வரும்போது ஒன்றும் தெரியாது. ஆகஸ்டில் வீடியோ இல்லை, அதனால் இனப்பெருக்கமும் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். (நானே ஒருமுறை கட்டியவன்தான்.)

ஆப்பிரிக்கக் கெளுத்தி காற்றைச் சுவாசிக்கும், ஈரத் தரையில் ஊர்ந்தும் போகும். அது சேற்றில் சும்மா கிடப்பதை யார் படம் பிடிப்பார்? ஊர்வதைத்தான் பிடிப்பார்கள். அதுவும் பல வேளை கூடையிலிருந்து தரையில் கொட்டிய பிறகு. அதனால் ஊர்வதற்கு முந்தைய பத்து வினாடியைத் தேடுங்கள். இல்லாவிட்டால் அந்த வீடியோவை நடத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். இன்னொன்று, இது 1997-இல் மத்திய அரசு தடை செய்த மீன். குட்டையில் வைத்திருப்பவர் கேமராவைக் கிட்டே விடமாட்டார். எனவே பண்ணைக் குட்டை வீடியோ குறைவாக இருப்பதை வைத்து, மீனும் குறைவு என்று எழுதிவிடக் கூடாது. அதே காரணத்துக்காக, அடையாளம் தெரிகிற குட்டையையும் முகங்களையும் உங்கள் அறிக்கையில் போடாதீர்கள். எடுத்தவர் பெருமைக்குப் போட்டது, உங்களால் அவருக்கு வம்பாகக் கூடாது.

ஒரே வீடியோ பத்துத் தலைப்பில் சுற்றுவது தெரிந்ததுதான். ‘கொள்ளிடத்தில் ராட்சத மீன்’ எங்கோ வேறு நாட்டு ஆற்றில் எடுத்ததாக இருக்கலாம். ஒரு காட்சியைப் படமாக எடுத்து, அந்தப் படத்தையே இணையத்தில் போட்டுத் தேடினாலே பல நகல்கள் கழிந்துவிடும்.

அப்புறம், எண்ணி முடித்ததும் ஒரு மதகடிக்காவது நேரில் போங்கள். தூண்டிலில் மண்புழுவா, மாவு உருண்டையா என்று கேளுங்கள். வீடியோவில் பெரும்பாலும் அந்தப் பகுதியை வெட்டியிருப்பார்கள். எந்த மீன் வாய் வைக்கும் என்பதோ இரையைப் பொறுத்தது.