மினிமல் படிவத்தில் காணாமல் போன லேபிள்: நான் சரிசெய்த விதம்

மினிமல் டிசைன் என்ற பெயரில் இணையப் படிவத்தில் முதலில் பலியாவது, கட்டத்தில் எதை நிரப்ப வேண்டும் என்று சொல்லும் லேபிள்தான். கட்டத்துக்குள்ளேயே மங்கலாக ‘கைபேசி எண்’ என்று போட்டுவிட்டால் இடம் மிச்சம். ஆனால் முதல் எழுத்தைத் தட்டியதும் அது மறைந்துவிடும். பிழைச் செய்தி வரும்போது அந்தக் கட்டத்தில் என்ன கேட்டிருந்தார்கள் என்றே தெரியாது. லேபிளைக் கட்டத்துக்கு மேலே நிரந்தரமாக வைத்தேன். இரண்டுக்கும் நடுவே 4 பிக்சல், அடுத்த லேபிளுக்கு 24. இந்த இடைவெளி வித்தியாசமே எது எதனுடன் சேரும் என்று காட்டிவிடுவதால் பிரிப்புக் கோடுகளைத் தூக்கிவிடலாம்.

அடுத்து நிறம். வெள்ளைப் பின்னணியில் #999999 என்ற சாம்பல் நிற எழுத்துக்கு, பின்னணியோடு ஒப்பிட்ட வெளிச்ச வேறுபாட்டு விகிதம் (கான்ட்ராஸ்ட்) 2.85:1 தான் கிடைக்கும். இணையதளங்களை எல்லோரும் பயன்படுத்த வகைசெய்யும் டபிள்யூசிஏஜி (WCAG) விதிமுறையின் ஏஏ நிலைக்குச் சாதாரண எழுத்தில் 4.5:1 வேண்டும். #767676 மயிரிழையில் தேறும். வெயிலில் போன் பார்ப்பவர்களும் உண்டே, அதனால் #595959 போட்டேன்; அது 7:1.

கட்டத்தின் எழுத்து 16 பிக்சலுக்குக் கீழே போனால், ஐபோன் சஃபாரி தட்டியதுமே திரையைப் பெரிதாக்கும். இதற்காக ஜூமையே முடக்குகிறார்கள் சிலர். பார்வை குறைந்தவர்களுக்கு அது அநியாயம். எழுத்தை 16 ஆக்கினாலே போதும். தமிழுக்கு வரி உயரத்தை எழுத்தளவைப் போல 1.2 மடங்கு வைத்தால் மேல்வரிக் கொக்கியும் கீழ்வரிச் சுழியும் உரசும், 1.6 சரியாக இருந்தது.