ரிம் மாற்றப் போகிறீர்களா? ஓட்டையை எண்ணினால் மட்டும் போதாது

பழைய ஃபியட் பாலியோ ஒன்று வைத்திருந்தேன். அதற்கு நான்கு அலாய் வீல் ஒரு பழைய சாமான் கடையில் மலிவாக மாட்டியது. காரில் நான்கு போல்ட், ரிம்மில் நான்கு ஓட்டை, இதற்கு மேல் என்ன பார்ப்பது என்று வாங்கிவிட்டேன். கடைப் பையனே மாட்டியும் கொடுத்தான். போல்ட் கையால் இரண்டு சுற்று போனது, அப்புறம் ஸ்பேனர் போட்டுக் காலால் மிதித்துத்தான் இறக்கினான். "ஏறிடுச்சு சார்" என்றான். வீடு வந்து சேர்வதற்குள் ஸ்டியரிங் நடுங்க ஆரம்பித்துவிட்டது. மூன்றாம் நாள் கழற்றிப் பார்த்தால், போல்ட் தலை உட்காரும் அந்தச் சாய்வான குழியில் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து கண்ணாடி மாதிரி பளபளக்கிறது, எதிர்ப் பக்கத்தில் பழைய பெயிண்ட் அப்படியே இருக்கிறது. பாலியோவுக்கு வேண்டியது 4×98. நான் வாங்கி வந்தது 4×100. இரண்டே மில்லிமீட்டர்!

ஏறுவது வேறு, உட்காருவது வேறு. ரிம் விஷயத்தில் மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

4×100 என்றால் நான்கு போல்ட், அந்த நான்கின் மையங்களையும் தொட்டு ஒரு வட்டம் போட்டால் அதன் விட்டம் 100 மி.மீ. இந்த விட்டத்தைத்தான் கடையில் பிசிடி என்கிறார்கள். 114.3, 139.7 என்று பின்னங்களோடு வரும் எண்களைப் பார்த்து மிரள வேண்டாம், முதலாவது நாலரை அங்குலம், இரண்டாவது ஐந்தரை அங்குலம், மில்லிமீட்டருக்கு மாற்றியதால் அப்படி ஆகிவிட்டன. நம் ஊர் சாலையில் ஓடும் வண்டிகளில் ஸ்விஃப்ட், பலேனோ, ஐ20, ஹோண்டா சிட்டி எல்லாம் 4×100. ஃபோர்டு ஃபிகோ 4×108. பிரெஸ்ஸா, கிரெட்டா, இன்னோவா 5×114.3. போலோவும் வென்டோவும் 5×100, ஆனால் அதே ஃபோக்ஸ்வேகன் குடும்பத்துப் பிந்தைய ஆக்டேவியா 5×112. ஃபார்ச்சூனர் 6×139.7. பெயரை வைத்து மட்டும் முடிவு பண்ணாதீர்கள், ஒரே பெயரில் வெளிநாட்டில் விற்ற ஸ்விஃப்டுக்கு ஐந்து போல்ட் உண்டு. இணையத்தில் யாரோ எழுதிய பட்டியலை நம்புவதைவிட உங்கள் வண்டியில் இருப்பதை அளந்துவிடுங்கள்.

அளப்பதற்கு டேப் சரிப்படாது, ஒரு வெர்னியர் (நகரும் தாடை வைத்த அளவுகோல்) வேண்டும். சாதாரண ரகமே போதும். ரிம்மைக் கவிழ்த்துப் போட்டு, ஹப்பில், அதாவது வண்டியில் வீல் போய் உட்காரும் பாகத்தில், ஒட்டும் பின்பக்கத்தில் அளக்க வேண்டும், முன்பக்கம் ஓட்டைகள் சாய்வாக விரிந்திருப்பதால் விளிம்பு பிடிபடாது. ஓட்டையின் மையத்தைத் தேடிக்கொண்டு உட்காராதீர்கள், ஒரு ஓட்டையின் இடது விளிம்பிலிருந்து இன்னொன்றின் இடது விளிம்பு வரை அளந்தால் அதுவே மையத்துக்கு மையம். நான்கு ஓட்டை, ஆறு ஓட்டை என்றால் நேர் எதிரே இருப்பதற்கு அளந்தால் பிசிடி நேராக வந்துவிடும். ஐந்து ஓட்டையில்தான் சிக்கல், நேர் எதிரே ஓட்டையே கிடையாது. அங்கே பக்கத்துப் பக்கத்து ஓட்டைகளை அளந்து 0.588 ஆல் வகுங்கள். 58.8 வந்தால் 100. 65.8 வந்தால் 112. 67.2 வந்தால் 114.3. கடைசி இரண்டையும் பாருங்கள், நடுவில் 1.4 மி.மீ. தான் இருக்கிறது, கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. 5×112 ரிம்மை 5×114.3 வண்டியில் இழுத்து மாட்டி, ஒன்றும் ஆகாது என்று சத்தியம் செய்கிற ஆட்கள் இருக்கிறார்கள். ஸ்டட் (போல்ட்டுக்குப் பதில் ஹப்பிலேயே நீட்டிக்கொண்டிருக்கும், நட்டு ஏறும் தண்டு) உள்பக்கமாக வளைந்த நிலையிலேயே இறுகி நிற்கும், ஓட ஓட நட்டு தளரும், ஒரு நாள் ஸ்டட் முறியும்.

எட்டு ஓட்டை போட்ட அலாய்கள் கடையில் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அது எட்டு போல்ட் வண்டிக்கானது இல்லை, 4×100, 4×108 போல இரண்டு அளவு ஒரே ரிம்மில் போட்டிருப்பார்கள். தப்பில்லை, ஆனால் மாட்டும்போது நான்கும் ஒரே வட்டத்து ஓட்டைகள்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எனக்குத் தனிப்பட்ட முறையில் அந்தத் தோற்றமே பிடிக்காது, அது வேறு விஷயம்.

பிசிடி சரி என்று தெரிந்ததும் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். ரிம்மின் நடு ஓட்டையும் பார்க்க வேண்டும். ஸ்விஃப்டுக்கும் ஐ20க்கும் இது 54.1 மி.மீ., ஹோண்டா சிட்டிக்கு 56.1. அதனால் ஸ்விஃப்டின் ஒரிஜினல் ரிம் சிட்டியில் ஏறவே ஏறாது, ஓட்டைகள் அச்சாகப் பொருந்தினாலும் ஹப் இடிக்கும். சிட்டி ரிம் ஸ்விஃப்டில் ஏறும், ஆனால் சுற்றி ஒரு மில்லிமீட்டர் சந்து இருக்கும். வெளியில் விற்கும் அலாய்களில் நடு ஓட்டையைப் பெரிதாக, பெரும்பாலும் 73.1 என்று விட்டிருப்பார்கள், எல்லா வண்டிக்கும் ஆகட்டும் என்று. அந்த இடைவெளியை அடைக்க ஹப் ரிங் என்று ஒரு வளையம் வரும், வெளி விட்டம் ரிம்முக்கு, உள் விட்டம் உங்கள் ஹப்புக்கு. கேட்டு வாங்குங்கள். பேலன்சிங் சரியாக இருந்தும் 80, 90 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங் லேசாக உதறினால் முதலில் இந்த வளையத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

நட்டு விஷயத்தில் பலரும் கோட்டை விடுகிறார்கள். ஸ்விஃப்டும் ஐ20யும் பிசிடி ஒன்று, நடு ஓட்டை ஒன்று, ஆனால் நட்டு ஒன்றில்லை. ஸ்விஃப்டின் மரை 12×1.25, ஐ20யின் மரை 12×1.5. முதல் எண் ஸ்டட்டின் தடிமன், இரண்டாவது மரைக்கு மரை இடைவெளி, இரண்டும் மி.மீ. பார்க்க இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும், மாற்றிப் போட்டு ஏர் கன்னை அழுத்தினால் மரை போய்விடும். அதனால் எந்த நட்டையும் முதல் ஐந்தாறு சுற்று கையால்தான் ஏற்ற வேண்டும், கையால் ஏறாதது அந்த ஸ்டட்டுக்கு உரியது இல்லை. அப்புறம் நட்டின் அடிப்பாகம். வெளி அலாய்களுக்குப் பெரும்பாலும் கூம்பு வடிவம். ஹோண்டாவின் ஒரிஜினல் நட்டும் போலோவின் ஒரிஜினல் போல்ட்டும் உருண்டை வடிவம். உருண்டையைக் கூம்புக் குழியில் இறுக்கினால் மெல்லிய ஒரு கோடு மட்டும்தான் தொடும், இறுகிய மாதிரி தெரியும், நிற்காது. புது ரிம் வாங்கினால் அதற்குரிய நட்டையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

ஆஃப்செட் பற்றிச் சுருக்கமாக. ரிம்மில் ஈடி45 என்று பொறித்திருந்தால், ஹப்பில் ஒட்டும் முகம் ரிம் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து 45 மி.மீ. வெளிப்பக்கம் இருக்கிறது என்று அர்த்தம். எண் குறையக் குறைய வீல் வெளியே தள்ளி நிற்கும். ஐந்தரை அங்குல அகலமும் ஈடி45ம் இருந்த இடத்தில் ஏழு அங்குலமும் ஈடி35ம் போட்டால் வெளிப்பக்கம் 29 மி.மீ., உள்பக்கம் 9 மி.மீ. கூடுகிறது. மட்கார்டில் உரசுமா, உள்ளே சஸ்பென்ஷனில் இடிக்குமா என்பதை ஐந்து பேரை ஏற்றி, ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்துப் பார்த்தால்தான் தெரியும், காலியாக நிற்கும் வண்டியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ரிம் பெரிதானால் டயரின் மொத்த உயரம் மாறாத அளவாக எடுங்கள். 185/65 ஆர்15க்குப் பதில் 195/55 ஆர்16 போட்டால் உயரம் ஒரு மி.மீ. கூட மாறாது.

சென்னையில் இருப்பவர்கள் பழைய ரிம்முக்குப் புதுப்பேட்டைக்குத்தான் போவீர்கள். வெர்னியரைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும். ரிம்மைத் தரையில் உருட்டி ஆட்டம் பாருங்கள், உள் விளிம்பைக் கையால் தடவிப் பாருங்கள், வெல்டிங் தழும்பு இருந்தால் விட்டுவிடுங்கள், எவ்வளவு குறைத்தாலும்.

மாட்டும்போது ஹப்பில் துருவைச் சுரண்டிவிட்டு, நட்டுகளைக் கையால் ஏற்றி, ஒன்றுக்கு எதிர் ஒன்றாக இறுக்கச் சொல்லுங்கள், கடைசி இறுக்கம் டார்க் ரெஞ்சில் (எவ்வளவு இறுக்கம் என்று அளந்து காட்டும் ஸ்பேனர்), வண்டியின் கையேட்டில் போட்டிருக்கும் அளவுக்கு. 100 கி.மீ. ஓடியதும் மறுபடி ஒரு தடவை சரிபாருங்கள். ஸ்டெப்னி இன்னும் பழைய இரும்பு ரிம்தான் என்பது ஞாபகம் இருக்கட்டும், புது நட்டு அதில் உட்காருகிறதா என்று வீட்டு வாசலிலேயே ஒரு தடவை மாட்டிப் பாருங்கள், உட்காரவில்லை என்றால் பழைய நட்டுகளை ஒரு துணிப் பையில் கட்டி ஜாக்கி பக்கத்தில் போட்டுவிடுங்கள்.