ஹெல்கெலாந்துக் கரையில் எங்கே நின்று எதைப் பார்ப்பது

நார்வேயின் ஹெல்கெலாந்துக்குப் போகிறவர்கள் அண்ணாந்து மலைகளைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். முதல் இரண்டு பயணங்களில் நானும் அப்படித்தான் செய்தேன். மூன்றாவது முறைதான் காலடியில் இருந்த தரையைக் கவனித்தேன். மலை செங்குத்தாக வந்து சட்டென்று முடிகிறது; அங்கிருந்து கடல்வரை தாழ்வான பாறைத்தளம். வீடு, வயல், சாலை எல்லாம் அதன்மேல்தான். அதே தளம் கடலுக்கடியிலும் ஆழமில்லாமல் நீள்கிறது. அதன் மேடுகள்தான் தீவுகளாகத் தலைநீட்டுகின்றன. ஸ்ட்ராண்ட்ஃப்ளாட் என்று இதற்குப் பெயர். இது மனதில் பதிந்துவிட்டால் அந்தக் கரை முழுவதும் உங்களுக்குப் புரிய ஆரம்பிக்கும்.

ப்ரன்னொய்சுண்ட் ஊரிலிருந்து தொடங்குங்கள். பக்கத்திலேயே டொர்க்ஹாட்டன், 258 மீட்டர் உயர மலை. அதன் நடுவில் ஒரு துளை: 160 மீட்டர் நீளம், 35 மீட்டர் உயரம், 20 மீட்டர் அகலம். வண்டியை நிறுத்திவிட்டு அரை மணி ஏறினால் போதும். ஆனால் கற்பாதை, மழையில் வழுக்கும். நல்ல காலணி வேண்டும். உள்ளே போனதும் உடனே படம் எடுக்காதீர்கள். சுவரைத் தொட்டுப் பாருங்கள். பனியுகத்தில் பனிப்பாறையின் எடையால் நிலம் தாழ்ந்திருந்தது, கடல் இந்த உயரத்துக்கு எட்டியது. அலையும் உறைபனியும் பாறையின் பலவீனமான பிளவைக் குடைந்து வழியாக்கின. பனி உருகிய பிறகு நிலம் மேலெழுந்தது. நீங்கள் நிற்பது பழைய கடலின் கரையில்.

அப்புறம் ஹோர்ன் துறையிலிருந்து ஃபெர்ரியில் வேகா தீவுக்குப் போங்கள். ஒரு நாளில் பார்த்துத் திரும்ப நினைக்க வேண்டாம், இரண்டு இரவாவது தங்குங்கள். சுற்றியுள்ள தீவுக்கூட்டத்தை 2004-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. காரணம் ஈடர் என்ற கடல்வாத்துக்கும் மனிதர்களுக்கும் இருக்கும் உறவு. காட்டு வாத்துகள் முட்டையிட வரும் முன்பே தீவுக்காரர்கள் சின்னச் சின்ன வீடு கட்டி, உலர்ந்த கடற்பாசியைப் பரப்பி வைக்கிறார்கள். அடைகாக்கும் காலம் முழுவதும் சத்தம் போடாமல் நடமாடுகிறார்கள். குஞ்சுகளோடு தாய் கடலுக்குப் போன பிறகுதான் கூட்டில் விட்டுச்சென்ற மென்தூவியை எடுக்கிறார்கள். நரம்பு கட்டிய மரச்சட்டத்தில் அதைத் தட்டித் தட்டிக் கையாலேயே சுத்தம் செய்கிறார்கள். ஒரு போர்வைக்கு 60, 70 கூடுகளின் தூவி தேவை. இந்தக் கரையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான். அதனால் அழுத்திச் சொல்கிறேன்: மே, ஜூன் மாதங்களில் வெளித்தீவுகளுக்குத் தனியாகப் படகு ஓட்டிப் போகாதீர்கள், உள்ளூர்க்காரரோடு போங்கள். நாய் இருந்தால் ஏப்ரல் 1 முதல் ஆகஸ்ட் 20 வரை கயிற்றில் கட்டியே வைத்திருக்க வேண்டும், அது சட்டம்.

கூடாரம் அடிக்க நினைத்தால், பயிரிடாத திறந்தவெளி நிலத்தில், வீடுகளிலிருந்து 150 மீட்டராவது தள்ளி. சரி, தட்பவெப்பம்? கோடையிலும் காற்றும் மழையும் வரும். மழைக்கோட்டு பையின் மேலாக இருக்கட்டும்.

வடக்கே போகும்போது ஏழு சகோதரிகள் மலைத்தொடர் வலது பக்கம் வரும். உச்சியேற நேரமில்லாவிட்டால் கவலை வேண்டாம். கடலிலிருந்து பார்த்தால்தான் ஏழும் வரிசையாகத் தெரியும்.

அடுத்து கில்பொக்ஹாம்ன், யெக்ட்விக் துறைகளுக்கிடையே ஃபெர்ரி, சுமார் ஒரு மணி நேரம். நடுவழியில் ஆர்க்டிக் வட்டத்தைக் கடக்கிறது. எல்லோரும் கரையிலுள்ள உலக உருண்டைச் சின்னத்தைப் படம் பிடிப்பார்கள். நீங்களும் பிடியுங்கள். பிடித்துவிட்டு, காற்று அடித்தாலும் மேல்தளத்தில் நின்று மேற்கே பாருங்கள்: கடலோடு ஒட்டிய தாழ்ந்த பாறைத்திட்டுகள், அவற்றின் நடுவே திடீரென்று ஒரு செங்குத்து மலை. முதலில் சொன்ன அதே ஸ்ட்ராண்ட்ஃப்ளாட் தளம்தான்.