பலாலியில் விமானம் ஏற: வன்னிக்காரருக்கு ஒரு வழிகாட்டி

சென்னை என்றால் இரவோடு இரவாகக் கட்டுநாயக்காவுக்கு வான் பிடிப்பதுதான் கிளிநொச்சிப் பக்கம் இன்னும் பழக்கம். பலாலி 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமானது. கொரோனாவால் நின்ற சென்னைச் சேவை 2022 டிசம்பரில் திரும்பவும் தொடங்கியது. அம்மாவுடன் அந்த வழியாகப் போய் வந்த கையோடு இதை எழுதுகிறேன்.

முதலில் விசா. இந்திய ஈ-விசாவை வீட்டில் இருந்தே எடுக்கலாம். அரசின் தளம் 'கவ் டொட் இன்' என்று முடியும். 'டொட் கொம்' என்று முடிபவை தரகுத் தளங்கள், தொடவே வேண்டாம்.

படிவம் சுலபம். ஆளை அலைக்கழிப்பது பாஸ்போர்ட் பக்கத்தை ஏற்றும் இடம். அது பிடிஎஃப் ஆக, 300 கேபிக்குள் இருக்க வேண்டும். போனில் எடுத்த படம் சில எம்பி வரும், தளம் தள்ளிவிடும். கண்டபடி சுருக்கினால் பக்கத்தின் அடியில் உள்ள இரண்டு வரி எழுத்தும் இலக்கமும் கலங்கிவிடும். கமராவை விட்டுவிட்டு கூகுள் டிரைவின் ஸ்கேன் வசதியில் எடுங்கள். ஓரம் ஒட்ட வெட்டி, அப்புறம் சுருக்குங்கள். முகப்படம் சதுரமாக, ஜேபெக் ஆக இருக்கட்டும்.

பெயரில் கவனம். பாஸ்போர்ட்டில் 'சர்நேம்' என்ற இடத்தில் உள்ளதுதான் விசாவிலும் ரிக்கற்றிலும் வர வேண்டும். "அது கொப்பற்ற பேரெல்லோ?" என்று அம்மா தயங்கினார். யாருடைய பெயராக இருந்தாலும் அப்படியே முழுதாகப் போடுங்கள், முதலெழுத்தாகச் சுருக்க வேண்டாம். விசா வந்ததும் அச்செடுத்துக் கையில் வையுங்கள்.

பயணம் பெரிய விசயமில்லை. முல்லைத்தீவுக்காரர் ஏ35 வீதியால் பரந்தன் வந்து ஏ9 வீதியைப் பிடிக்கலாம். யாழ்ப்பாணம் வரை பஸ், பிறகு ஓட்டோ. சாமான் கூட என்றால் வான்தான் நல்லது. புறப்பாட்டுக்கு மூன்று மணி நேரம் முன்னரே போய்விடுங்கள்.

ஓடுவது ஏடிஆர் என்ற சின்ன விமானம். சாமானை வீட்டிலேயே நிறுத்துப் பாருங்கள். மிளகாய்த்தூள் பெரிய பெட்டிக்குள், பவர் பேங்க் கைப்பைக்குள். கொப்பரைத் தேங்காய் எதற்குள்ளும் வேண்டாம், எண்ணெய்ப்பசை தீப்பிடிக்கும் என்று எடுத்துவிடுவார்கள்.

பின் சேர்க்கை: திருச்சியில் இறங்கவும் இதே விசா செல்லுமா என்று மல்லாவியில் இருந்து ஒருவர் கேட்டிருந்தார். செல்லும். ஈ-விசாவுடன் இறங்கக்கூடிய விமான நிலையங்களில் திருச்சியும் உண்டு.